தொப்பி ஆறட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

என் முன்னால் மேசையில் ஒரு ஃபெல்ட் தொப்பி மல்லாந்து கிடக்கிறது. கூடவே கொண்டு வந்தேன். வானொலியில் அதை யாருக்கும் காட்ட முடியாது என்பது உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. பரவாயில்லை, கையில் ஒன்று இருந்தால் எனக்குப் பேச்சு வரும்.

நாடகங்களுக்கு உடை, செருப்பு, தொப்பி தயார் செய்து கொடுப்பது என் வேலை. சட்டை பெரிதாக இருந்தால் பிடித்துத் தைத்துவிடலாம். செருப்பு கடித்தால் பஞ்சு வைக்கலாம். தொப்பி மட்டும் அப்படி மசியாது. துப்பறிவாளராக வருபவர் தலையில் அது சரியாக உட்காரவில்லை என்றால், அவர் வாய் திறப்பதற்கு முன்பே அரங்கம் சிரித்துவிடும்.

முதலில் ஃபெல்ட் என்றால் என்ன என்று பார்ப்போம். துணி என்றதும் நமக்கு நூலும் நெசவும் நினைவுக்கு வரும். ஃபெல்ட்டில் இரண்டும் இல்லை. ஆட்டு ரோமம், இல்லையென்றால் முயல் அல்லது பீவர் போன்ற பிராணிகளின் மென்மயிர், அவ்வளவுதான். ஒவ்வொரு இழையின் மேலும் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருக்கின்றன. ஈரமும் சூடும் கொடுத்து அழுத்தித் தேய்த்தால் இழைகள் ஒன்றுக்குள் ஒன்று ஊர்ந்து சிக்கிக்கொள்ளும். சிக்கியது பிரியாது. கம்பளி ஸ்வெட்டரை வெந்நீரில் துவைத்து, அது குழந்தைக்குப் போடும் அளவுக்குச் சுருங்கிப் போன அனுபவம் உங்களில் சிலருக்கு இருக்கும். அன்றைக்கு உங்களை அறியாமல் நீங்கள் ஃபெல்ட் செய்திருக்கிறீர்கள்.

வெறும் ஃபெல்ட் தொய்ந்து போகும். அதனால் விறைப்புக்காகப் பல தொப்பிகளில் அரக்கு ஏற்றுவார்கள். கடித உறைக்கு முத்திரை வைக்கும் அரக்கை நினைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். தொப்பிக்கு வடிவம் கொடுக்கும் வித்தை முழுக்க இந்த இரண்டு குணத்தில்தான் இருக்கிறது. ஆவி இளக்கும், ஆறுகிற நேரம் நிறுத்தும். முதல் பாதியை எல்லோரும் செய்துவிடுகிறார்கள். இரண்டாம் பாதிக்குத்தான் பொறுமை இருப்பதில்லை.

எனக்கும் இருந்ததில்லை. நான் முதன்முதலில் மடிப்பு வைத்த தொப்பி சாம்பல் நிறம். கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து, ஆவியில் காட்டி, உச்சியில் நடுக்குழியும் முன்பக்கம் இரண்டு கிள்ளல்களும் வைத்தேன். பிரமாதமாக வந்தது. உடனே தலையில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தேன், கழற்றினேன், மறுபடி வைத்தேன், நாலு பேரிடம் காட்டினேன். சாயங்காலம் பார்த்தால் கிள்ளல்கள் இரண்டும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை! சரி, காய்ந்த தொப்பிதானே என்று மறுநாள் ஆவி காட்டாமலே அழுத்திக் கிள்ளினேன். சில வாரங்களில் அந்த இடத்தில் மெல்லிய விரிசல் விழுந்தது. அந்தத் தொப்பியை இன்னும் வைத்திருக்கிறேன், புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குக் காட்டுவதற்காக.

இப்போது செய்யும் முறையைச் சொல்கிறேன். கெட்டில் மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொப்பியைப் பிடிக்க வேண்டும். ஒரே இடத்தில் காட்டாமல் மெதுவாக நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அரை நிமிடம் போதும். ஃபெல்ட் காது மடல் மாதிரி வளைந்து கொடுக்கும், ஆனால் நனைந்திருக்காது. தண்ணீர் முத்து முத்தாக நின்றால் கூடிப்போயிற்று என்று அர்த்தம். உள்ளே சுற்றி வரும் தோல் பட்டையில் ஆவி படக்கூடாது, தோல் சுருங்கிவிடும். விரல்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆவிச் சூடு வெந்நீர்ச் சூட்டைவிட மோசம்.

நடுக்குழியை முதலில் வைக்க வேண்டும். சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை விளிம்பால், முன்னிருந்து பின்னாக, ஒரே சீராக அழுத்தி இறக்குங்கள். அப்புறம் மறுபடி ஆவி. கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் வைத்து முன்பக்கம் இரண்டு குழிகள். விரல் நுனியால் கிள்ளினால் கூர்மையான மடிப்பு விழும், பின்னாளில் விரிசல் விடுவது அங்கேதான். விரலின் தசைப் பகுதியால் அமுக்குங்கள். அமுக்கியபடியே சூடு தணியும்வரை பிடித்துக்கொண்டிருங்கள். பிறகு மேசையில் மல்லாக்க வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். நான் ஒரு பகல் முழுக்கத் தொடுவதில்லை.

சுற்றியிருக்கும் அகல விளிம்புக்கு இவ்வளவு பாடு இல்லை. முன்புறம் கொஞ்சம் இறங்கி, பின்புறம் கொஞ்சம் ஏறினால் போதும். விளிம்பில் அதிகம் கைவைத்தவர்கள் எல்லோரும் அலை அலையான விளிம்போடுதான் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

மடிப்பு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது. 1865இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜான் ஸ்டெட்சன் என்பவர் தொப்பித் தொழில் தொடங்கினார். அவரைப் பிரபலமாக்கிய ‘பாஸ் ஆஃப் தி ப்ளெய்ன்ஸ்’ தொப்பியின் உச்சியில் குழியே கிடையாது, விளிம்பும் தட்டையாக இருக்கும். வாங்கியவர்கள் அவரவர் கையால் குழி போட்டு, விளிம்பை வளைத்துக்கொண்டார்கள். திரைப்படங்களில் குதிரை மேல் வருகிறவர்கள் தலையில் நாம் பார்க்கும் விதவிதமான மடிப்புகளெல்லாம் அப்படிக் கைபட்டு வந்தவைதான்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். மிகப் பழைய மென்மயிர்த் தொப்பி கையில் கிடைத்தால் நான் அதற்கு ஆவி காட்டுவதே இல்லை. முயல் மயிர் எளிதில் சிக்காது என்பதால், அந்தக் காலத்தில் அதற்குப் பாதரச நைட்ரேட் கரைசலைத் தடவினார்கள். அதிலிருந்து கிளம்பிய பாதரச ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கை நடுங்கியது, மனமும் பாதித்தது. கனெக்டிகட் மாநிலத்தில் டான்பரி என்று ஒரு தொப்பி நகரம். அங்கே இந்த நோய்க்கு ‘டான்பரி நடுக்கம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் இந்தப் பழக்கத்துக்கு 1941இல்தான் முற்றுப்புள்ளி விழுந்தது. பழைய தொப்பிகளில் அந்தப் பாதரசம் இன்னும் தங்கியிருக்கலாம். அவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பாருங்கள், போதும்.

வடிவம் வந்துவிட்டது. இனி அது தலையோடு பழக வேண்டும். தொப்பி வாங்கும்போது நெற்றி நடுவிலும் காதுக்குச் சற்று மேலேயும் டேப்பைச் சுற்றி அளப்பார்கள், 57 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கத் தொப்பியில் இதே அளவு 7 1/8 என்று போட்டிருக்கும். சுற்றளவை வட்டமாக நினைத்து, விட்டத்தை அங்குலத்தில் சொல்லும் கணக்கு அது. கணக்கு சரிதான், ஆனால் எந்தத் தலையும் வட்டமில்லை. இரண்டு பேருக்கும் 57 இருக்கும், ஒருவருக்கு நீளத் தலை, இன்னொருவருக்கு அகலத் தலை. அதே தொப்பி ஒருவருக்கு நெற்றியில் கோடு போடும், காதோரம் நெற்றிப்பொட்டுப் பக்கம் விரல் நுழையும். இன்னொருவருக்கு நேர்மாறாக, இரண்டு பொட்டையும் நெரிக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸில் இதற்கென்று ஒரு கருவி செய்தார்கள். தலையில் கவிழ்த்தால் அதன் கம்பிகள் தலையைச் சுற்றி நெருங்கி உட்காரும், மேலே ஒரு சின்ன அட்டையில் உங்கள் தலையின் வடிவம் ஊசிப் புள்ளிகளாக விழும். அந்த அட்டைகளைப் பார்த்தால் மனிதத் தலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆற்றங்கரைக் கூழாங்கல் மாதிரி ஒரு பக்கம் புடைத்து, ஒரு பக்கம் ஒடுங்கி இருக்கும். அழகான முகங்களுக்கும் அப்படித்தான்.

அந்தக் கருவி இல்லாத நாம் என்ன செய்வது? தோல் பட்டையைக் கீழே மடித்து இழுத்து, ஈரத் துணியால் ஒற்றி, மறுபடி உள்ளே தள்ளித் தொப்பியை மாட்டிக்கொள்ளுங்கள். காயும்வரை கழற்றாமல் வீட்டிலேயே உலாத்துங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஈரத்தில் இளகிய தோல் உங்கள் தலையின் மேடுபள்ளத்தைப் பிடித்துக்கொண்டு காயும். தொளதொளவென்று இருந்தால் பட்டைக்குப் பின்னால் காகிதத்தை நீளமாக மடித்துச் செருகலாம். நெரித்தால் கொஞ்சம் விரிக்கலாம், அரை சென்டிமீட்டர் போல. அதற்குமேல் இழுத்தால் தையல் விட்டுப்போகும். அளவே தப்பு என்றால் மாற்றிக்கொள்வதுதான் வழி. செருப்புக்காகக் காலை வெட்ட முடியாது.

மழையில் நனைந்தால் பதற வேண்டாம். தோல் பட்டையை வெளியே இழுத்துவிட்டு, அந்தப் பட்டையின் மேலேயே தொப்பியை நிற்க வைத்துத் தானாகக் காயவிடுங்கள். வெயில், ஹீட்டர், தலைமுடி உலர்த்தும் கருவி எதுவும் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். என்னிடம் இரவல் வாங்கிய ஒருவர் ஒரு மதியம் அப்படி விட்டார். 58 என்று போயிற்று, திரும்பி வந்தபோது என் தலையில் ஏறவே இல்லை.

சரி, பதிவு தொடங்குவதற்கு முன் இங்கே நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நிகழ்ச்சி நடத்தும் நண்பர், போட்டுப் பார்க்கலாமா சார் என்று கேட்டார். தாராளமாக என்றேன். அவர் கை நேராகப் போனது முன்பக்கத்துக் கிள்ளலுக்கு. எல்லோருக்கும் கை அங்கேதான் போகும், பிடிக்கத் தோதாக இருக்கிறது பாருங்கள். அந்த மடிப்பு இன்று காலைதான் வைத்தது. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடியுங்கள், அதுவும் சாயங்காலத்துக்கு அப்புறம் என்று சொல்லிவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று இன்னும் இதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வணக்கம்.