துடுப்பைத் தொடாதவர்களும் வரலாம்
(திருகோணமலையில், பல்கலைக்கழகம் செல்லவிருக்கும் மாணவர்கள் முன் ஆற்றிய உரை)

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

வளாகத்துக்குள் போன புதிதிலேயே விளையாட்டு அணிகள் ஆள் சேர்க்க வந்து நிற்கும். கிரிக்கெட், உதைபந்து என்றால் பாடசாலையில் ஆடியவர்கள் முன்னுக்குப் போவார்கள், மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். படகோட்டத்தில் அப்படியில்லை. நம் நாட்டில் அதைப் பழக்கும் பாடசாலைகளே கொஞ்சம்தான். ஆகவே, படகோட்ட அணி இருக்கிற பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைத்தால் தயங்காமல் பெயர் கொடுங்கள்.

பிந்திவிட்டதே என்று நினைக்கிறீர்களா? பிரித்தானியாவின் ஹெலன் குளோவர் இருபது வயது கடந்தபின், 2008இல்தான் படகோட்டத் தொடங்கினார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஹெதர் ஸ்டானிங்குடன் சேர்ந்து தங்கம் வென்றார். ஸ்டானிங்கும் பல்கலைக்கழகத்தில் பழகியவர்தான்.

கொட்டியாரக் குடாவில் தோணி வலித்த பிள்ளைக்குத் தண்ணீர்ப் பயம் இருக்காது. அது பெரிய சொத்து. ஆனால் பந்தயப் படகு வேறு சாதி. எட்டுப் பேர் வலிக்கும் படகு 17 மீற்றருக்கு மேல் நீளம். அகலமோ ஒருவர் இருக்க மட்டும்தான். போகும் திசைக்கு முதுகைக் காட்டி இருக்க வேண்டும். இருக்கை தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும். முழங்காலை மடக்கி முன்னே வந்து, துடுப்பின் அலகைத் தண்ணீரில் இறக்கி, காலால் பலகையை உந்த வேண்டும். கால் நீண்டபின் முதுகு சாயும், கடைசியில்தான் கை மடங்கும். தோணி வலித்துப் பழகியவர் முதலில் கையைத்தான் இழுப்பார். அந்தப் பழக்கம் மாறக் கொஞ்ச நாள் எடுக்கும், பரவாயில்லை.

அலகை எடுக்கச் சற்றுப் பிந்தினாலும் தண்ணீர் அதைப் பிடித்துக்கொள்ளும், கைப்பிடி வந்து நெஞ்சில் இடிக்கும். புதியவர்கள் எல்லாருக்கும் நடப்பதுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை.

எனக்கு இந்த விளையாட்டில் மிகப் பிடித்தது ஒன்று உண்டு. எவ்வளவு பலசாலியானாலும் தன் பாட்டுக்கு வலிக்க முடியாது. படகின் பின்முனைக்குக் கிட்ட இருப்பவர் தாளத்தைக் கொடுப்பார். மற்ற ஏழு பேரும் அந்த நொடியிலேயே அலகை இறக்க வேண்டும். ஒருவர் முந்தினால் படகு ஆடும், வேகம் போய்விடும். வெவ்வேறு ஊர்களிலிருந்து, வெவ்வேறு மொழி பேசி வந்த எட்டுப் பேர் ஒரே மூச்சில் வலிப்பதைக் கண்டால் உங்களுக்கும் ஆசை வரும்.

உடம்பு சிறிதென்று பின்வாங்க வேண்டாம், தங்கச்சிமாரே. எட்டுப் பேருக்கு முகம் பார்த்திருந்து, சுக்கானைப் பிடித்துக் கட்டளை கொடுக்கும் ஒன்பதாவது ஆள் பாரமில்லாதவராக இருப்பதே நல்லது. சர்வதேசப் போட்டிகளில் அவர் 55 கிலோவுக்குக் குறைந்தால் மிச்சத்துக்குப் பாரம் ஏற்றிச் சரிக்கட்டுவார்கள். பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் பெற்றோருக்கும் ஒரு சொல்: 1976இலிருந்து ஒலிம்பிக்கில் பெண்களும் படகோட்டுகிறார்கள்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: நீச்சல். சுனாமி பார்த்த ஊரில் பிள்ளைகளைக் கடலுக்கு விடப் பெற்றோர் அஞ்சுவது எனக்கு விளங்குகிறது. ஆனால் நீந்தத் தெரியாதவரைப் படகில் ஏற்றுவது சரியில்லை. வாடைக் காற்று தொடங்க முன்னர், கடல் அமைதியாக இருக்கும்போதே, நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவரோடு இறங்கிப் பழகிக்கொள்ளுங்கள்.