கடைசி சார்ஜருக்கு யார் பொறுப்பு?

எல்லோருக்கும் வணக்கம். வெளியே மைனஸ் 12 பாகை. ரொறன்ரோவில் நாம் இதைக் குளிர் என்று சொல்லிக்கொள்கிறோம். கனடாவின் வடமேற்கு மூலையில், யூக்கொன் பிரதேசத்தில், ஸ்நாக் என்று ஓர் இடம் இருக்கிறது. 1947 பெப்ரவரி 3ஆம் திகதி அங்கே மைனஸ் 63 பாகை பதிவானது. வட அமெரிக்கப் பெருநிலத்தில் அதுதான் ஆகக் குறைந்த பதிவு. அதற்குப் பக்கத்தில்தான் பீவர் கிறீக் இருக்கிறது. கனடாவின் ஆக மேற்கே உள்ள ஊர், நூறு பேர்கூட இல்லை. தலைநகர் வைட்ஹோர்ஸிலிருந்து ஏறக்குறைய 450 கிலோமீற்றர். ஜனவரியில் அங்கே மின்சாரக் காரில் போய்வர வேண்டுமென்றால் வழியில் என்னென்ன இருக்க வேண்டும்? அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பலர் நினைப்பது போல இதில் பெரிய தடை குளிர் இல்லை. குளிரோடு எப்படி மல்லுக்கட்டுவது என்று பொறியியலுக்குத் தெரியும். ஆளில்லாத தூரத்தோடு எப்படி மல்லுக்கட்டுவது என்றுதான் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

முதலில் குளிரின் கதையை முடித்துவிடுவோம். லித்தியம் அயன் பற்றரியில் சார்ஜ் ஏறும்போது அயன்கள், அதாவது மின்னேற்றம் பெற்ற லித்தியம் அணுக்கள், கிரஃபைற் என்ற கரி அடுக்குகளுக்குள் நுழைய வேண்டும். உறைநிலைக்குக் கீழே போனால் அந்த நுழைவு மந்தமாகிவிடும். அந்த நேரம் பார்த்து மின்னோட்டத்தைத் திணித்தால், அயன்கள் உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்ததில் ஒரு பகுதி மறுபடி வேலைக்கு வராது, பற்றரியின் கொள்ளளவு அந்த அளவுக்கு நிரந்தரமாகப் போய்விடும். இதற்குப் பயந்துதான், பற்றரி குளிர்ந்திருக்கும்போது காரின் கணினி கரண்டை மிகக் கொஞ்சமாக வாங்குகிறது. சார்ஜரில் 150 கிலோவாற் என்று எழுதியிருக்கும், காருக்குள் 30 கூடப் போகாது. கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே பற்றரியைச் சூடாக்கிக்கொண்டு சார்ஜருக்குப் போய்ச் சேருவதுதான் இதற்கு மருந்து. இப்போது வரும் பெரும்பாலான கார்களில் அந்த வசதி உண்டு. ஆனால் சில கார்களில், அடுத்து நிற்கப்போகும் சார்ஜரைக் காரின் வழிகாட்டித் திரையில் குறித்தால்தான் அது வேலை செய்யும். குறிக்க மறந்தால் கார் பேசாமல் இருந்துவிடும், நீங்கள் ஒரு மணிநேரம் கூடுதலாகக் குந்தியிருக்க வேண்டியதுதான்.

நோர்வேயின் வாகன ஓட்டுநர் சங்கம் ஒவ்வொரு குளிர்காலமும் புதிய கார்களை ஒரே பாதையில் ஓடவிட்டுப் பார்க்கிறது. அங்கே கார்கள் சொன்ன தூரத்தில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இழப்பது வழக்கம். யூக்கொனின் மைனஸ் 35இல் பாதி போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. விளம்பரத்தில் 420 கிலோமீற்றர் என்று போட்ட கார். கடுங்குளிரில் அது 210 ஆகிறது. வேக சார்ஜரில் யாரும் நூறு வீதம் ஏற்றுவதில்லை, 80க்கு மேல் வேகம் நொண்டத் தொடங்கிவிடும். பத்து வீதத்துக்குக் கீழே இறங்கவும் துணிய மாட்டோம். ஆக நடுவில் உள்ள 70 வீதம்தான் நம் கைக்கு வருவது. ஏறத்தாழ 150 கிலோமீற்றர். அப்படியானால் 150 கிலோமீற்றருக்கு ஒரு சார்ஜர் போதும் என்று ஒரு அதிகாரி எழுதிவிடுவார். அங்கேதான் ஆபத்து. நீங்கள் போய்ச் சேரும் சார்ஜர் பழுதாகிக் கிடந்தால்? அடுத்ததுக்குப் போகக் கரண்ட் இல்லை, திரும்பி வரவும் இல்லை. ஒன்று செத்துக் கிடந்தாலும் அதைத் தாண்டி அடுத்ததை எட்ட வேண்டும் என்றால் இடைவெளி 75 கிலோமீற்றருக்குள் இருக்க வேண்டும். வரைபடத்தில் எத்தனை புள்ளிகள் என்று எண்ணிக் காட்டுவதில் எனக்கு அக்கறையே இல்லை. ஒரு புள்ளியை அழித்துவிட்டுப் பாருங்கள், பாதை இன்னும் பாதையாக இருக்கிறதா? அதுதான் என் கேள்வி.

சரி, இதை யார் செய்து காட்டியிருக்கிறார்கள்? நோர்வே. 2024இல் அங்கே விற்ற புதிய கார்களில் 88.9 வீதம் மின்சாரக் கார். குளிர் நாட்டில் மின்சாரக் கார் ஓடாது என்று இன்னும் வாதாடும் நண்பர்களுக்கு நான் வேறு பதில் தேடுவதில்லை. அந்த நாட்டின் வட கோடியில், ஃபின்மார்க் பகுதியில், கராஷொக் என்ற ஊரில் 1886 ஜனவரி 1ஆம் திகதி மைனஸ் 51.4 பாகை பதிவாகியிருக்கிறது. ஃபின்மார்க்கின் பெயர் இங்கே சிலருக்குப் பழக்கமாக இருக்கும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இலங்கைத் தமிழர்களான நம்மவர்கள் அந்தக் கடற்கரை ஊர்களின் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போனார்கள். உறவினர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், மணிக்கணக்கில் கதை சொல்வார்கள்.

நோர்வே அரசின் எனோவா என்ற நிறுவனம் 2015இலிருந்து, பிரதான வீதிகளில் ஒவ்வொரு 50 கிலோமீற்றருக்கும் வேக சார்ஜர் வைப்பதற்குப் பணம் கொடுத்தது. தெற்கில் கார்கள் பெருகியதும் கம்பெனிகள் தாமாகவே போட்டி போட்டுக்கொண்டு வந்தன, அரசின் காசு அங்கே தேவைப்படாமல் போயிற்று. வடக்கில் அப்படி நடக்கவில்லை. ஃபின்மார்க் டென்மார்க்கை விடப் பெரிய நிலம், அங்கே இருப்பவர்கள் 75 ஆயிரம் பேரளவில். ஒரு நாளைக்கு நாலு கார் வந்து நிற்கும் இடத்தில் எந்த வியாபாரி முதல் போடுவான்? மானியம் கொடுத்துத்தான் இழுக்க வேண்டியிருந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த வீதிகளுமே வியாபாரக் கணக்கில் போட்டவை இல்லை.

சட்டம் எழுதுபவர்கள் இந்த இடத்தில் இரண்டு விதமாகச் சறுக்குகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, முக்கிய வீதி வலையில் 60 கிலோமீற்றருக்கு ஒரு சார்ஜ் நிலையம் கேட்கிறது. ஆனால் நாளொன்றுக்கு 3,000க்கும் குறைவான கார்கள் போகும் வீதிகளில் அந்த இடைவெளியை 100 வரை நீட்டலாம் என்று விலக்குக் கொடுக்கிறது. செலவைப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் வாகனம் குறைந்த வீதியில்தான் உதவிக்கு வர ஆளும் குறைவு. அமெரிக்கா நேர் எதிர்ப்பக்கம் சறுக்கியது. 2021 உட்கட்டமைப்புச் சட்டத்தில் சார்ஜர் வலைக்கு 500 கோடி டொலர் ஒதுக்கினார்கள். பிறகு வந்த விதிகள் 50 மைலுக்கு ஒரு நிலையம், ஒவ்வொன்றிலும் கார் செருகும் நாலு முனை, முனைக்கு 150 கிலோவாற் என்றன. கூட்டினால் 600 கிலோவாற். கலிஃபோர்னியாவுக்கு அது சரி. ஒரு சின்ன வடபுல ஊரின் டீசல் மின்நிலையம் முழு ஊருக்குமே கொடுப்பது சில நூறு கிலோவாற்தான். சார்ஜரைப் போட்டால் ஊர் இருட்டாகும். அலாஸ்காவில் ஐந்தில் நாலு ஊர்களுக்கு வெளியுலகத்தோடு வீதித் தொடர்பே இல்லை என்பதையும் சேர்த்து யோசியுங்கள். விதியிலிருந்து விலகல் கேட்காமல் அலாஸ்காவால் அசைய முடியவில்லை.

என்னைக் கேட்டால், தொலைதூர இடத்தில் ஒரு பெரிய சார்ஜரை விட இரண்டு சிறியவை மேல். 50 கிலோவாற் போதும். ஒன்று படுத்தால் மற்றது இருக்கும். கார் ஏறக்குறைய ஒரு மணிநேரம் நிற்கும், நிற்கட்டும், சூடான அறையும் திறந்திருக்கும் கழிப்பறையும் பக்கத்தில் இருந்தால் ஒருவரும் முறைப்பாடு செய்யப்போவதில்லை. மும்முனை மின்கம்பி வராத இடம் என்றால், சார்ஜருக்குள்ளேயே ஒரு பற்றரி வைத்து, கம்பியிலிருந்து நாள் முழுக்க மெதுவாக வாங்கிச் சேமித்து, கார் வந்ததும் வேகமாகக் கொடுக்கலாம். இது இன்று விற்பனையில் உள்ள தொழில்நுட்பம். ஆனால் அந்தப் பற்றரிக்கும் குளிர் காய வேண்டும், அதற்கும் கரண்ட் வேண்டும்.

யூக்கொனுக்கு வருகிறேன். இலங்கையைப் போல ஏழு மடங்கு நிலம். 2021 குடிசன மதிப்பீட்டில் 40 ஆயிரம் பேர், அதில் 28 ஆயிரம் பேர் வைட்ஹோர்ஸ் நகரில். அந்தச் சின்ன அரசு 2020இல் ஓர் இலக்கு வைத்தது: 2027க்குள் வீதியால் போகக்கூடிய எல்லா ஊர்களையும் வேக சார்ஜர்களால் இணைப்பது. ஒன்ராறியோவில் வடக்கே அப்படி ஒரு வாக்குறுதியை நான் கேட்டதில்லை.

அவர்களுடைய மின்வலை கண்டத்தின் வலையோடு இணையாத தனித் தீவு. பெரும்பகுதி நீர்மின்சாரம். குளிர்காலத்தில் ஆற்றில் நீர் குறையும், வீடுகளில் ஹீற்றர் ஓடும், அந்த நேரம் பார்த்து உச்சத் தேவை வரும். வாடகைக்கு டீசல் ஜெனரேற்றர்களைக் கொண்டுவந்து வைத்துச் சமாளிக்கிறார்கள். கோடையிலோ நீர் மிஞ்சுகிறது. யூக்கொன் வழியாகப் போகும் அலாஸ்கா நெடுஞ்சாலையில் சுற்றுலாப் பயணிகள் கூட்டமாக வருவதும் கோடையில்தான். நெடுஞ்சாலை வேக சார்ஜர்களில் சனம் நெருக்கும் மாதங்களும் மின்வலை மூச்சுவிடும் மாதங்களும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. வடக்கில் தானாக அமைந்த ஒரே அதிர்ஷ்டம் என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் பீவர் கிறீக், வொட்சன் லேக் போன்ற ஊர்கள் அந்த நீர்மின் வலையிலும் இல்லை, டீசலில்தான் வாழ்கின்றன. அங்கே ஒரு கசப்பான கணக்கு உண்டு. ஒரு லீற்றர் டீசலை ஜெனரேற்றரில் எரித்தால் மூன்றரை யூனிற் அளவில் கரண்ட் வரும். கடுங்குளிரில் மின்சாரக் கார் நூறு கிலோமீற்றருக்கு 30 யூனிற் குடிக்கும். அதாவது எட்டரை லீற்றர் டீசல். ஒரு பெற்றோல் கார் கிட்டத்தட்ட அவ்வளவுதான் குடிக்கும்! சூழலுக்கு அந்த இரவில் ஒரு லாபமும் இல்லை. பிறகு ஏன் அங்கே சார்ஜர் என்று கேட்பீர்கள். அந்த ஒரு இடத்தில் சார்ஜர் இல்லையென்றால், வழியில் நீர்மின்சாரம் கிடைக்கும் பகுதிக்கும் யாரும் மின்சாரக் கார் வாங்கமாட்டார்கள். அதனால் டீசலில் ஓடினாலும் அந்தக் கடைசி சார்ஜர் வேண்டும் என்பது என் கட்சி. டீசலை மெல்ல மெல்லக் குறைக்கலாம். ஓல்ட் க்ரோ என்ற ஊரில், வீதியே இல்லாத ஊர், அங்குள்ள பூர்வகுடியினர் 940 கிலோவாற் சூரிய மின்நிலையம் அமைத்து 2021இலிருந்து ஓட்டுகிறார்கள். கோடையில் ஜெனரேற்றர்களை நிறுத்தி வைக்க முடிகிறது. டிசம்பரில் சூரியனே எழாது, அது வேறு விடயம்.

வேக சார்ஜரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். வடபுலத்து மனிதர்கள் மின்சாரக் கார் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே காரைப் பிளக்கில் செருகி வருகிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். பெற்றோல் என்ஜின் உறைந்துபோகாமல் இரவு முழுக்கச் சூடாக வைக்க ஒரு ஹீற்றர். வட டகோட்டாவில் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் 1949இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதனால் வைட்ஹோர்ஸிலும் கனடாவின் இன்னொரு வடபுல நகரான யெலோநைஃபிலும் அலுவலகத் தரிப்பிடங்களில், அடுக்குமாடிகளின் முன்னால், வரிசையாக 120 வோல்ற் பிளக்குகள் நிற்பதைக் காணலாம். அவை ஒவ்வொன்றிலும் ஒன்றரைக் கிலோவாற்றுக்குச் சற்றுக் குறைவாக எடுக்கலாம். பத்து மணிநேரத்தில் 14 யூனிற். ஊருக்குள் ஓடுபவருக்குத் தாராளம். மைனஸ் 40 வந்தால் அந்தக் கரண்ட் முழுவதும் பற்றரியைச் சூடாக வைக்கவே சரியாகிவிடும், கணக்கில் ஒன்றும் ஏறாது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் காலையில் சூடான பற்றரியோடு புறப்படுவது பாதி வெற்றி. அந்தக் கம்பங்களில் சிலவற்றை 240 வோல்ற்றுக்கு மாற்றினால் ஒரு வேக சார்ஜரின் விலையில் பல கார்களை உறங்க வைக்கலாம். இதற்குத் திறப்பு விழா வைத்து நாடா வெட்ட முடியாது, அதனால் அரசியல்வாதிகளுக்கு இதில் ஆசை வருவதில்லை.

கடைசியாகப் பழுது. குளிரில் கேபிள் மரக்கட்டையாகும், பூட்டும் முள் உறையும், திரை மந்தமாகும், பனி அகற்றும் வண்டி கம்பத்தை இடித்துவிடும். எல்லாம் சின்ன விடயங்கள். உயரமான மேடை, தடுப்புக் கம்பம், உள்ளே ஒரு ஹீற்றர், அவ்வளவுதான். கைபேசிச் சமிக்ஞை இல்லாத இடத்தில் காசு வாங்கும் கருவி மட்டும் செயலிழந்து, கரண்ட் இருந்தும் கார் நிற்கும் கூத்தும் உண்டு. தொடர்பு அறுந்தால் இலவசமாகக் கொடு என்று மென்பொருளில் ஒரு வரி எழுதினால் தீரும். ஆனால் உள்ளே ஒரு மின்பலகை எரிந்தால்? தெற்கே பெருநகரத்திலிருந்து ஒரு தொழில்நுட்பவியலாளர் வர வேண்டும், பாகம் வர வேண்டும், வாரங்கள் போகும். அந்த ஊரின் டீசல் நிலையத்தைப் பார்த்துக்கொள்பவர் இருக்கிறார், வீதிப் பராமரிப்பு முகாமில் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சியும், மாற்றுப் பாகங்கள் உள்ள ஓர் அலுமாரியும், சம்பளத்தில் ஒரு தொகையும் கொடுங்கள். சார்ஜர் வாங்க ஒதுக்கும் பணத்தோடு சேர்த்துப் பத்து வருடப் பராமரிப்புப் பணத்தையும் ஒதுக்காத எந்தத் திட்டத்தையும் நான் நம்புவதில்லை.

(உரைக்குப் பின் ஒரு அம்மா எழுந்து கேட்டார்: "பனிப்புயலில் வீதியில் அகப்பட்டால் மின்சாரக் காருக்குள் விறைத்துச் சாக வேண்டியதுதானே, தம்பி?")

இல்லை அம்மா. நோர்வேயின் மலை வீதிகளில் புயல் நாட்களில் பனி அகற்றும் வண்டியின் பின்னால் வரிசை கட்டித்தான் போக விடுவார்கள், அதற்காக மணிக்கணக்கில் காத்திருப்பதும் உண்டு. நிற்கும் காரில் உள்ளே சூடாக வைக்க இரண்டு, மூன்று கிலோவாற் போகும். பற்றரியில் 30 யூனிற் இருந்தால் பத்து மணிநேரம் தாங்கும். பெற்றோல் கார் போலப் புகைக்குழாய் பனியில் அடைபட்டு நச்சுவாயு உள்ளே வரும் பயமும் இல்லை. ஆனால் 30 யூனிற் இருக்க வேண்டும். அதனால் குளிர்காலத்தில் வடக்கே போனால் பாதிக்குக் கீழே இறங்குவதற்கு முன் சார்ஜ் பண்ணுங்கள், 120 வோல்ற் கேபிளையும் இரண்டு கம்பளியையும் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவை போவதென்றால் ஜூன் மாதத்தில் போங்கள்.