வாசல் வரை கூட வரும் அண்ணா

காட்சி: டச் பே கடற்கரை, பின்னேரம். முகங்கள் வேண்டாம், கைகள் மட்டும்.

குரல்:
"அண்ணா, எச்.ஐ.வி. சோதிக்கப் போனா ஆராவது கண்டிடுவாங்களோ?"

கச்சான் சரையைப் பிரித்தபடி ஒரு தம்பி கேட்கிறார். எச்.ஐ.வி. பற்றி அவருக்கு ஓரளவு தெரியும். பயமெல்லாம் ஊர்க் கண்ணுக்குத்தான். திருகோணமலையில் ஆஸ்பத்திரிப் பக்கம் போனால் மாமிக்குத் தெரிந்த யாராவது எதிரில் வந்துவிடுவார்கள்.

அதனால்தான் சமூக சுகாதாரத் தொண்டரான இந்த அண்ணா துண்டுப்பிரசுரத்தை நீட்டாமல் தம்பியைக் கதைக்க விடுகிறார். கேட்டது அவரோடு நிற்கும். ஒரு தடவை வாய் தவறினாலும் அந்தத் தெருவில் பிறகு ஒருவரும் அவரை நம்பமாட்டார்கள். ஆணோடு உறவுள்ள இளைஞருக்கு இந்த நம்பிக்கை இன்னும் பெரிது. ஒருபால் உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளை நினைத்தே பலர் பரிசோதனைக்கு வருவதில்லை. அந்தப் பிரிவுகள் போகவேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

காட்சி: மேசையில் பரிசோதனைப் பட்டை. விரல் நுனி, மிக அருகில்.

குரல்:
விரலில் சின்னக் குத்து. ஒரு துளி இரத்தம் குழிக்குள் விழுகிறது, அதன் மேல் கரைசல். சிவப்பு மெல்ல மெல்லப் பட்டையில் ஊர்ந்து ஏறும். 15, 20 நிமிடம் பொறுங்கள். 'சி' எழுத்துக்கு நேரே ஒரு கோடு மட்டும் என்றால் தொற்று தென்படவில்லை. இரண்டு கோடு வந்தாலும் பதற வேண்டாம், மறுபடி குருதி எடுத்து உறுதிப்படுத்துவார்கள்.

தொற்றிய உடனே இது காட்டாது. 3 மாதம் வரை செல்லலாம். ஆணுறை கிழிந்துவிட்டதா? 72 மணித்தியாலத்துக்குள் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தேவையென்றால் தொற்றாமல் தடுக்க 28 நாள் மருந்து தருவார்கள்.

இலங்கையர் ஒருவருக்கு முதல் தொற்று பதிவான 1987இல் இன்றைய சிகிச்சை இல்லை. இன்று மருந்து இலவசம். ஒழுங்காக எடுத்து, வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உறவின் மூலம் அடுத்தவருக்குத் தொற்றாது. தாயிலிருந்து பிள்ளைக்குப் பரவுவதை நாடு ஒழித்துவிட்டதாக உலக சுகாதார அமைப்பு 2019இல் சான்று தந்தது.

காட்சி: சிகிச்சை நிலையத்துக்கு எதிரே தேத்தண்ணிக் கடை.

குரல்:
அண்ணா கடை வாங்கில் காத்திருக்கிறார். தம்பி வெளியே வருகிறார்.

"ஒரு கோடுதான் அண்ணா. ஆனா அது நடந்து ஒரு மாசம்தானே, இன்னொருக்கா வரச் சொன்னவங்க."

"சரி தம்பி. அண்டைக்கும் நான் வாறன்."