பழைய தடுப்புகளுக்குப் புது மவுசு

(காரைக்குடியில் ஒரு சிறுவர் சதுரங்கப் பயிற்சி முகாமில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். முகப்பில் இன்னும் இரண்டு போர்டில் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தே பேசுகிறேன்.

காலையிலிருந்து பார்க்கிறேன். வெள்ளை ஈ4 வைத்தால், அதாவது ராஜாவுக்கு முன்னாலிருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால், கறுப்பும் அதற்கு நேரெதிரே ஈ5 வைக்கிறது, இல்லையென்றால் சிசிலியன் தடுப்பு. தடுப்பு என்றால் கறுப்பு தன் ஆட்டத்தைத் தொடங்கும் முறை. ஒரு தம்பியிடம் கேட்டேன். "மத்ததெல்லாம் மோசம்னு கம்ப்யூட்டர் சொல்லுது சார்" என்றான்.

கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. ஸ்கேண்டிநேவியன் தடுப்பையே எடுத்துக்கொள்வோம். ஈ4-க்குப் பதில் டி5. வெள்ளை வெட்டும், கறுப்பு ராணி திருப்பி வெட்டும். உடனே வெள்ளைக் குதிரை சி3-க்கு வந்து ராணியை விரட்டும். நமக்கு ஒரு நகர்த்தல் வீண், அவர்களுக்கு ஒரு காய் வெளியே. ஸ்டாக்ஃபிஷ் என்கிற சதுரங்கக் கம்ப்யூட்டர் நிரல் வெள்ளைக்குச் சுமார் அரைச் சிப்பாய் சாதகம் காட்டும். சரி, செட்டிநாட்டில் நின்று வட்டிக் கணக்கு சொல்லித்தர எனக்கென்ன தைரியம்! அந்த அரைச் சிப்பாய்தான் வட்டி. வட்டி உண்டு என்பதால் யாரும் கடன் வாங்காமல் இருந்ததில்லை. வாங்கிய பணத்தில் என்ன செய்தோம் என்பதல்லவா பேச்சு?

1995-இல் நியூயார்க்கில் உலகப் பட்டப் போட்டியின் 14-ஆவது ஆட்டம். நம் ஆனந்த் ஈ4 வைக்கிறார், காஸ்பரோவ் டி5 வைக்கிறார். உலகச் சாம்பியன் ஆடுகிற ஆட்டமா இது என்று அன்று பலரும் கேட்டிருப்பார்கள். ஆட்டத்தை ஜெயித்தது காஸ்பரோவ். 2014-இல் டிராம்சோ ஒலிம்பியாடில் கருவானாவுக்கு எதிராக கார்ல்சனும் இதையே ஆடி ஜெயித்தார். எதிராளி வீட்டில் இருபது நகர்த்தல் தயார் செய்து வந்திருப்பார். அதையெல்லாம் மூட்டை கட்டச் சொல்லிவிட்டு, போர்டைப் பார்த்து யோசிக்க வைக்கலாம். வட்டி கட்டுவது அதற்குத்தான்.

விரட்டப்பட்ட ராணி எங்கே போவது? பழைய வழி ஏ5. சி6, ஈ6 என்று சிப்பாய்களை நிறுத்தி, அதற்குமுன் பிஷப்பை எஃப்5-க்கு எடுத்துவிட்டால் கறுப்புக்குச் சுவர் கெட்டி. கிராண்ட்மாஸ்டர் டிவியாகோவ் விடாமல் ஆடி மதிப்பு சேர்த்த இடம் டி6. வெள்ளைக் குதிரை பி5-க்கு வந்து சீண்டுமே என்றால், ஏ6 அல்லது சி6 வைத்து அந்தக் கதவைச் சாத்திவிடலாம். வந்த வழியே டி8-க்குத் திரும்புவதும் இப்போது அவமானமில்லை. எனக்குப் பிடித்தது டி6தான். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க லேசு.

வட்டியை மறந்தால் என்ன ஆகும்? 1997-இல் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் பிரான்ஸின் லோட்டியே இதே ஸ்கேண்டிநேவியனை ஆனந்திடம் ஆடித் தோற்றார். ஆனந்த் பிஷப்பை ஜி6-இல் கொண்டுபோய் நிறுத்திய அந்த நகர்த்தலை இன்றைக்கே வீட்டில் போர்டு வைத்துப் பாருங்கள்.

அலெகைன் தடுப்பில் கறுப்புக் குதிரை, 'என்னைத் துரத்து' என்று முதலிலேயே எஃப்6-க்கு வரும். 1972 உலகப் பட்டப் போட்டியில் ஸ்பாஸ்கியை 13-ஆவது ஆட்டத்தில் ஃபிஷர் வீழ்த்தியது இதில்தான். ஆனால் இன்றைய கம்ப்யூட்டர்கள் இடவசதிக்கு நிறைய மதிப்பு போடுகின்றன. வெள்ளைக்கு நடுவில் தாராளமாக இடம் விடும் பிர்க், மாடர்ன் தடுப்புகள் எல்லாம் அதனால் இன்னும் சிரமத்தில் இருக்கின்றன. கார்ல்சனே 2010 ஒலிம்பியாடில் ஆடம்ஸிடம் ஜி6 வைத்து, குதிரையை ஹெச்5 வரை ஓரங்கட்டித் தோற்றிருக்கிறார். கார்ல்சனுக்கே அந்தக் கதி என்றால்...

ஈ4-க்குப் பதில் ஈ6 வைக்கும் பிரெஞ்சுத் தடுப்பு அரிதானதல்ல. ஆனாலும் உலகப் பட்ட மேடையில் அதைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. சீனாவின் டிங் லிரென் 2023-இல் அஸ்தானாவில் அதை ஆடி, 7-ஆவது ஆட்டத்தில் நேரம் போதாமல் நெப்போம்னியாச்சியிடம் தோற்றார். அப்புறமும் விடவில்லை. 2024-இல் சிங்கப்பூரில் முதல் ஆட்டத்திலேயே குகேஷ் ஈ4 வைக்க, டிங் அதே பிரெஞ்சை எடுத்து ஜெயித்தார். பட்டம் கடைசியில் குகேஷுக்கு வந்தது, அது வேறு கதை.

பெற்றோர்களிடம் ஒன்று. 1980-இல் அன்றைய உலகச் சாம்பியன் கார்போவை மைல்ஸ் முதல் நகர்த்தலிலேயே ஏ6 வைத்து ஜெயித்தார் என்று காட்டி, பிள்ளையை அப்படி ஆடச் சொல்லாதீர்கள். ஏதாவது ஒரே ஒரு தடுப்பு, அதையும் நடு ஆட்டம் வரை புரிந்துகொண்டு ஆடினால் போதும். சாப்பாட்டுக்கு அப்புறம் டி6 ராணியைப் பெரிய போர்டில் வைக்கிறேன். கறுப்பாக யார் ஆடுகிறீர்கள்?