எடையில்லாத பொன்

தலைவர் அவர்களே, கும்பகோணத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

மன்னார்குடியானாலும் மாயவரமானாலும் கல்யாணப் பேச்சு எடுத்தவுடன், "எத்தனை பவுன் போடுவீர்கள்?" என்கிறார்கள். அது ஆதிகாலத்து மரபு என்றும் சிலர் வாதாடுகிறார்கள். ஆதிகாலத்தையே பார்த்துவிடுவோம்.

பல்கேரியாவில் கருங்கடல் ஓரமாக வர்னா என்று ஓர் ஊர். 1972-இல் அங்கே பள்ளம் தோண்டும்போது தங்கம் தட்டுப்பட்டது. கி.மு. 4500-ஐ ஒட்டிய இடுகாடு அது. ஏறத்தாழ முந்நூறு குழிகள். மொத்தம் சுமார் 6 கிலோ தங்கம். அது எப்படிப் பங்காகியிருந்தது என்று பாருங்கள். 43-ஆம் எண் குழியில் கிடந்த ஒரே மனிதனோடு மட்டும் ஒன்றரைக் கிலோ! கையருகே தங்கம் பூட்டிய பிடியுள்ள கோடரி. பெரும்பாலான குழிகளிலோ பொட்டுத் தங்கம்கூட இல்லை. சில குழிகளில் உடலே கிடையாது. களிமண்ணில் முகம் செய்து, அதற்குத் தங்கம் அணிவித்துப் புதைத்திருக்கிறார்கள். ஆளே இல்லாத இடத்திலும் அந்தஸ்தை நகை காட்டியது.

உழவுக்கும் உதவாது, வெட்டுக்கும் உதவாது. அப்படிப்பட்ட உலோகத்தைச் சேர்த்து, மண்ணுக்குள் விட்டுவிடவும் முடிந்தவன் பெரிய மனிதன். நம் வீட்டுச் சங்கிலி அப்படியா? குறுவைக்கு முன் வங்கிக்குப் போகிறது, அறுவடை முடிந்தால் கழுத்துக்குத் திரும்புகிறது.

நம் நாட்டுக்கு வருகிறேன். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தபோது, முதுமக்கள் தாழிகளுக்கிடையே பொன் நெற்றிப்பட்டங்கள் கிடைத்தன. நீள்வட்டத் தகடு. மேலே புள்ளி புள்ளியாகக் குத்திய அழகு வேலை. சிலவற்றின் முனையில் நூல் கோக்கத் துளை. எவ்வளவு மெல்லியது தெரியுமா? ஒரு கிராம் பொன்னை ஒரு சதுர மீட்டர் அளவுக்கு அடித்து விரிக்கலாம். பொன்னின் அந்தக் குணத்தை அறிந்த கைகள் செய்த வேலை அது. இன்றைய கல்யாண மண்டபத்தில் அந்த எடையை யாரும் மதிக்க மாட்டார்கள். ஆனால் அத்தனை தாழிகள் இருந்த காட்டில் வெகு சிலருக்கே அது வாய்த்திருக்கிறது. நெற்றியில் கட்டினாலே போதும், இன்னார் என்று ஊருக்குத் தெரிந்திருக்கும். எத்தனை பவுன் என்ற கணக்கு அங்கே எதற்கு?

தாளடி அறுத்த காசையெல்லாம் நகைக்கடையில் கொட்டிவிட்டு விதைநெல்லுக்குக் கடன் கேட்டு நிற்கும் தகப்பன்மாரை இந்த டெல்டா முழுக்கப் பார்க்கிறேன். வயிறு எரிகிறது. மரபு பேசும் மாப்பிள்ளை வீட்டார் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய் ஆதிச்சநல்லூர்ச் சேகரிப்பைப் பார்க்கட்டும். பெண்ணைப் பெற்றவனிடம் கேட்டு வாங்கிய பொன் அது என்பதற்கு அங்கே ஒரு சான்றும் கிடையாது.