பில் போடும் இயந்திரத்தின் முன்னால் ஏன் எரிச்சல் வருகிறது?

அடுத்த கேள்வி. கொஞ்சம் நீளமானது, சுருக்கி வாசிக்கிறேன். “ஐயா, கடைகளில் நாமே பொருளை ஸ்கேன் செய்து நாமே பணம் கட்டும் இயந்திரங்கள் வந்துவிட்டன. வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஆள் உட்கார்ந்திருக்கும் கவுண்டரில்தான் நான் நிற்கிறேன். என் மகள் சிரிக்கிறாள். புதிதாக எதைக் கண்டாலும் உனக்குப் பயம் என்கிறாள். பயமெல்லாம் இல்லை. ஆனால் அந்த இயந்திரத்தின் முன்னால் நின்றாலே எரிச்சல் வருகிறது. இது வயதா, பழக்கமா? உண்மையில் எது வேகம்?”

அம்மா, வேகத்தை முதலில் பேசி முடித்துவிடுகிறேன். அது சுலபம். கையில் நாலைந்து பொருள், ஆள் இருக்கும் கவுண்டரில் கூட்டம் என்றால் இயந்திரம். வண்டி நிறையப் பொருள் என்றால் ஆள். இதில் சண்டைக்கே இடமில்லை.

ஏன் என்று கேட்டால், பில் போடுபவரின் கைகளை ஒரு நாள் நின்று பாருங்கள். பொருளை எடுக்கும்போதே பார்கோடு எந்தப் பக்கம் இருக்கும் என்று அந்தக் கைக்குத் தெரியும். பெட்டி என்றால் ஒரு திருப்பு, புட்டி என்றால் ஒரு உருட்டு, உறை கசங்கியிருந்தால் விரலால் நீவிவிட்டு ஒரு இழுப்பு. அதற்குள் மற்றொரு கை அடுத்த பொருளைப் பிடித்திருக்கும். கண் பாதி நேரம் அங்கே இருக்காது. பின்னால் நிற்பவரின் வண்டியில் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று அளந்துகொண்டிருக்கும். வாழைப்பழம் வந்தால் பட்டியலைத் தேடுவதில்லை, 4011 என்று விரல் தானாகத் தட்டும். பல நாடுகளில் கடைகள் பொதுவாக வைத்திருக்கும் எண் அது. பழத்தில் ஒட்டியிருக்கும் குட்டி ஸ்டிக்கரிலும் பார்க்கலாம். நாம் என்ன செய்கிறோம்? திரையில் ‘பழங்கள்’ என்ற படத்தைத் தொடுகிறோம், அதற்குள் வரும் படங்களில் நம்முடையதைத் தேடுகிறோம், தவறாகத் தொட்டுத் திரும்பி வருகிறோம். நாள் முழுக்க அதையே செய்யும் கைக்கும் வாரம் ஒரு முறை செய்யும் கைக்கும் போட்டி வைத்தால் வேறு என்ன ஆகும்?

ஆனாலும் உங்கள் மகளுக்கு இயந்திரம்தான் வேகம் என்று தோன்றும். அவர் சொல்வது பொய்யில்லை. சும்மா நிற்கும் நேரம் நீளும். கைக்கு வேலை இருக்கும் நேரம் தெரியாமல் போகும். ஹார்வர்டில் பாடம் நடத்திய டேவிட் மைஸ்டர், 1985-இல் வரிசையில் நிற்பவர்களின் மனநிலையைப் பற்றி எழுதியபோது முதல் விதியாக வைத்ததே இதுதான். மகள் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, மனசைப் பார்த்துச் சொல்கிறார். நீங்களும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் எரிச்சல். இது வயது இல்லை. இளைஞர்களுக்கும் வருகிறது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், பிறகு காரணத்துக்கு வருவோம்.

வீட்டிலிருந்து கொண்டுபோன துணிப்பையை, ஸ்கேன் செய்த பொருள்களை வைக்கும் தட்டில் விரித்தேன். அவ்வளவுதான். தலைக்கு மேலே கம்பத்தில் இருந்த பச்சை விளக்கு சிவப்பாகிவிட்டது. ஒரு பெண் குரல் எதையோ எடுக்கச் சொன்னது. எடுத்தேன். மறுபடி வைக்கச் சொன்னது. வைத்தேன். உதவியாளர் வருவார், காத்திருங்கள் என்றது. காத்திருந்தேன். பின்னால் நின்றவர் என்னைப் பார்க்கவில்லை, என் பையைப் பார்த்தார். உதவியாளர் வந்தார், தன் அட்டையைக் காட்டினார், திரையை இரண்டு முறை தொட்டார், போய்விட்டார். ஒரு வார்த்தை இல்லை. மொத்தமே ஒரு நிமிடம் இருக்காது. நான் ஒன்றையும் எடுத்து ஒளிக்கவில்லை. ஆனால் அந்த ஒரு நிமிடமும், ஒளிக்கவில்லை என்பதை முகத்தில் எப்படிக் காட்டுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது காரணம். இத்தகைய இயந்திரங்கள் பலவற்றில் அந்தத் தட்டுக்கு அடியில் ஒரு தராசு இருக்கிறது. ஒவ்வொரு பொருளின் எடையும் கடையின் கணினியில் பதிவாகியிருக்கும். நீங்கள் ஸ்கேன் செய்ததும் இவ்வளவு எடை கூட வேண்டும் என்று அது எதிர்பார்க்கும். கூடியது குறைந்தாலும் தவறு, அதிகமானாலும் தவறு. கைப்பை ஓரமாகச் சாய்ந்தாலும், குழந்தை கை ஊன்றினாலும், கம்பெனி உறையை மாற்றி எடை சற்று மாறியிருந்தாலும், கணக்கு இடிக்கும். பிரிட்டனில் இந்த இயந்திரம் சொல்லும் ‘பை வைக்கும் இடத்தில் எதிர்பாராத பொருள்’ என்ற அறிவிப்பு, ஊரே கேலி செய்யும் வசனமாகிவிட்டது.

கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஸ்கேன் செய்யாமல் பைக்குள் தள்ளுபவர்கள் இருக்கிறார்கள். விலை கூடிய பழத்தைத் தட்டில் வைத்துவிட்டு, திரையில் மலிவான பழத்தின் படத்தைத் தொடுபவர்களும் இருக்கிறார்கள். காவலுக்கு ஆள் இல்லாத இடத்தில் தராசைக் காவலுக்கு வைத்தார்கள். ஆனால் அந்தத் தராசுக்குக் கள்ளனும் ஒன்றுதான், கைதவறியவரும் ஒன்றுதான். அதோடு சில கடைகளில் திரைக்கு மேலே நம் முகமே கேமராவில் தெரிகிறது, வெளியே போகும் கதவில் ரசீதைக் காட்டினால்தான் கம்பி திறக்கிறது. பில் போடுபவர் ஒரு பொருளை இரண்டு முறை ஸ்கேன் செய்துவிட்டால் அது அவருடைய தவறு. அவர்தான் நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்துவார். அதே தவறு இயந்திரத்தில் நடந்தால் விளக்கு எரிவது உங்கள் தலைக்கு மேல். உங்கள் எரிச்சலின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். பொத்தான் தெரியாததால் வரும் எரிச்சல் நாலு முறை போனால் தீர்ந்துவிடும். சந்தேகப்படுகிறார்கள் என்ற எரிச்சல் நாற்பது முறை போனாலும் தீராது.

இன்னொரு காரணத்தையும் பலர் சொல்கிறார்கள். ‘அவர்கள் வேலையை நம் தலையில் கட்டிவிட்டார்கள், சம்பளமும் இல்லை, தள்ளுபடியும் இல்லை.’ கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கட்டுதல் நேற்று நடந்ததில்லை. 1916 செப்டம்பரில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்று ஒரு கடை திறந்தார். அதுவரை மளிகைக் கடை என்றால் வாடிக்கையாளர் பட்டியலைச் சொல்வார், கடைச் சிப்பந்தி அலமாரியிலிருந்து எடுத்து, நிறுத்து, கட்டிக் கொடுப்பார். சாண்டர்ஸ் ஒரு கூடையைக் கையில் கொடுத்து, நீங்களே உள்ளே போய் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். எடுத்ததற்கெல்லாம் கணக்குப் பார்த்துப் பணம் வாங்க வாசலில் ஒரு கவுண்டர் வைத்தார். ஆக, இன்று நாம் ‘ஐயோ, போகிறாரே’ என்று வருந்தும் அந்தக் காசாளர் இருக்கையே, சுயசேவை வந்ததால் இப்படி வாசலுக்கு வந்த இருக்கைதான். எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம் உண்டு, ஏன் என்று கேட்காதீர்கள்.

பிறகு 1974 ஜூன் 26-இல் ஒஹாயோ மாநிலத்தின் டிராய் என்ற ஊரில், இன்று பொருள்களில் நாம் பார்க்கும் வகைப் பார்கோடு முதல் முறையாகக் கடையில் ஸ்கேன் செய்யப்பட்டது. ஒரு சூயிங்கம் கட்டு. 1986-இல் அட்லாண்டா பக்கத்தில் ஒரு குரோகர் கடையில், டேவிட் ஹம்பிள் என்பவர் உருவாக்கிய சுயசேவை இயந்திரம் வந்தது. அதில் வாடிக்கையாளர் ஸ்கேன் மட்டும்தான் செய்வார். பொருள் நகரும் பட்டையில் (கன்வேயர் பெல்ட்) ஓடிப் போகும், பணத்தை வாங்க ஒரு மனிதர் தனியாக இருப்பார். காசை மட்டும் ஆளிடமே விட்டுவைத்திருந்தார்கள்.

அமேசான் இதற்கு நேர்மாறாகப் போனது. 2018 ஜனவரியில் சியாட்டிலில் ஒரு கடையைப் பொதுமக்களுக்குத் திறந்தது. பில் போட ஆளும் இல்லை, ஸ்கேனும் இல்லை. எடுத்துக்கொண்டு வெளியே போகலாம், கேமராவும் உணர்கருவிகளும் கணக்குப் பார்க்கும், ரசீது பின்னால் வரும். வரிசையே இல்லாத கடை, எல்லோரும் கொண்டாடியிருக்க வேண்டும் அல்லவா? 2024-இல் தன் பெரிய மளிகைக் கடைகளிலிருந்து அந்த முறையை எடுத்துவிடப் போவதாக அறிவித்தது. அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, வாங்கும்போதே கணக்கைப் பார்க்க வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் விரும்புகிறார்கள் என்பது. கையில் பொருளும் இருந்து, எவ்வளவு ஆயிற்று என்பது தெரியாமலும் வாசலைத் தாண்டுவது எத்தனை பேருக்கு ஒப்பும்? நல்லவனுக்குத்தான் கால் தயங்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்குள் அது ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். வரிசை நீளமாக இருந்தாலும் ஆள் இருக்கும் இடத்தில் நிற்கிறேன் என்றீர்கள். எரிச்சலைத் தவிர்க்க மட்டும்தானா? ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராம், எலிசபெத் டன் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு காபிக் கடையில் சோதனை செய்தார்கள். சிலரிடம், காபி கொடுப்பவருடன் சிரித்து இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார்கள். மற்றவர்களிடம், பேச்சைக் குறைத்துச் சீக்கிரம் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். பேசியவர்கள் கூடுதல் மகிழ்ச்சியோடு வெளியே வந்தார்கள். நெதர்லாந்தில் யும்போ என்ற கடை நிறுவனம் 2019-இல் ‘அரட்டைக் கவுண்டர்’ என்றே ஒன்றைத் தொடங்கியது. அவசரம் இல்லாதவர்கள் அங்கே நிற்கலாம், காசாளரும் பேச்சுக் கொடுப்பார். முதியவர்களின் தனிமையை மனத்தில் வைத்துச் செய்தது. பிறகு அதை 200 கடைகளுக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார்கள். வடக்கு இங்கிலாந்தின் பூத்ஸ் என்ற கடை நிறுவனம், 2023-இல் இரண்டைத் தவிர மற்றெல்லாக் கடைகளிலிருந்தும் சுயசேவை இயந்திரங்களை எடுக்க முடிவு செய்தது.

அதற்காக, மனிதர் என்றால் எல்லோருக்கும் சுகம் என்று நினைத்துவிட வேண்டாம். திக்குவாய் உள்ளவருக்கு அந்த இயந்திரம் ஒரு விடுதலை. வீட்டில் துக்கம் நடந்து, யாரும் ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று கேட்டுவிடக் கூடாதே என்று தலைகுனிந்து வருபவருக்கும் அப்படித்தான். பிறர் கண்ணில் படாமல் வாங்க நினைக்கும் பொருள்கள் உண்டு, விவரிக்க வேண்டியதில்லை. மறுபுறம், கண் தெரியாதவருக்குத் தொடுதிரை வெறும் கண்ணாடி. சக்கர நாற்காலியில் வருபவருக்குப் பல இடங்களில் திரை எட்டாது. ஒரே ஆளுக்குக்கூட ஒரு நாள் அது வேண்டும், மறுநாள் இது வேண்டும். அதனால் இரண்டும் இருக்கும் கடையில் யாருக்கும் பெரிய மனக்குறை வருவதில்லை. எட்டு கவுண்டர்களில் ஏழில் விளக்கை அணைத்து, ஒன்றில் மட்டும் ஆளை வைத்து, ‘பாருங்கள், எல்லோரும் இயந்திரத்தையே விரும்புகிறார்கள்’ என்று சொல்லும்போதுதான் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தில் தப்பு இல்லை.

இதை ஒட்டியே இன்னொருவர் கேட்டிருக்கிறார்: “நான் இயந்திரத்தில் பில் போட்டால் ஒருவரின் வேலையைப் பறிக்கிறேனா?” நீங்கள் ஒருவர் எந்தப் பக்கம் நின்றாலும் அது முடிவாகாது, ஆட்களின் எண்ணிக்கையைக் கடை நிர்வாகம்தான் தீர்மானிக்கிறது. ஆனால் அங்கே நிற்கும் உதவியாளரைக் கவனியுங்கள். முன்பு ஒரு வாடிக்கையாளரை ஒரு நேரத்தில் பார்த்தவர், இப்போது ஆறேழு இயந்திரங்களை ஒரே நேரத்தில் பார்க்கிறார். வயது பார்த்து அனுமதிக்க வேண்டிய பொருளுக்கும் அவர்தான், சிவப்பு விளக்குக்கும் அவர்தான், திருட்டைக் கண்டுபிடிப்பதும் அவர்தான். இயந்திரத்தைத் திட்ட முடியாதவர்கள் திட்டுவதும் அவரைத்தான். என்னிடம் பேசாமல் போனாரே என்று அன்று எனக்கு வருத்தம். பிறகு எண்ணிப் பார்த்தேன், அந்த நேரத்தில் வேறு மூன்று விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

அம்மா, ஒரு நாள் மகளோடு போய்ப் பழகிப் பார்க்க நினைத்தால் ஒன்றைச் சொல்கிறேன். ஸ்கேன் தொடங்கும் முன் திரையில் ‘சொந்தப் பை’ என்று ஒரு பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அதைத் தொட்டுவிட்டு, வெறும் பையைத் தட்டில் வைத்து, அது சரி என்று சொன்ன பிறகு முதல் பொருளை எடுங்கள். நான் அன்று அதைத்தான் செய்யவில்லை. அப்படியும் சிவப்பு எரிந்தால் எதையும் நகர்த்தாமல் கையை உயர்த்துங்கள். உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் பழையபடி வரிசையில் நில்லுங்கள், மகளை வண்டியைத் தள்ளிக்கொண்டு கூட வரச் சொல்லுங்கள்.

சரி, அடுத்த கேள்வியைப் பார்ப்போம்.