சூரியன் மறைந்த பிறகு மெட்ரோ எதில் ஓடுகிறது?

நேயர்களுக்கு வணக்கம். தில்லி மெட்ரோ சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று எல்லாரும் சொல்கிறோம், நானும் சொல்வேன். ஆனால் எந்த நேரத்தில் எவ்வளவு நல்லது என்று கேட்டால் பதில் கொஞ்சம் நீளும்.

பெருமைப்பட வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். நிலையத்துக்குள் வண்டி நுழையும்போது ஒரு ரீங்காரம் படிப்படியாக இறங்கிக்கொண்டே வருமே, கேட்டிருப்பீர்கள். அந்த நேரத்தில் வண்டியின் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரம் தயாரிக்கிறது, அது தலைக்கு மேலே போகும் 25,000 வோல்ட் கம்பிக்குத் திரும்பி, பக்கத்தில் கிளம்பும் இன்னொரு வண்டியை இழுக்க உதவுகிறது. பிரேக்கில் வெறும் சூடாகப் போயிருக்க வேண்டிய சக்தி அது. இதற்காகத்தான் 2007-ல், புகையைக் குறைப்பவர்களுக்கு விற்கக்கூடிய கிரெடிட் தரும் ஐ.நா.வின் தூய்மை மேம்பாட்டுத் திட்டத்தில் தில்லி மெட்ரோ பதிவானது. உலகத்திலேயே கார்பன் கிரெடிட்டுக்காக அப்படிப் பதிவான முதல் ரயில் திட்டம். 2012 முதல் 2018 வரை சேர்ந்த சுமார் 35 லட்சம் கிரெடிட்டுகளை விற்றதில் 19.5 கோடி ரூபாய் கிடைத்ததாக 2021-ல் நிறுவனமே அறிவித்தது.

சரி, கிரெடிட் என்பது தவிர்த்த புகைக்கான கணக்கு. மெட்ரோ இல்லாவிட்டால் எதில் வந்திருப்பீர்கள் என்று பயணிகளைக் கேட்டுக் கணக்கிடுவதும் அதில் உண்டு. மயூர் விஹாரிலிருந்து கரோல் பாக் வருகிறவர் கார் என்று சொன்னால் மிச்சம் பெரிது, டிடிசி பஸ் என்று சொன்னால் சிறிது. மெட்ரோ தானே வெளியேற்றுவது எவ்வளவு என்பது வேறு கணக்கு, அது பெரும்பாலும் வாங்கும் மின்சாரத்தில் இருக்கிறது.

அங்கேயும் நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் ரேவாவில் 750 மெகாவாட் சோலார் மின்நிலையம் இருக்கிறது, அதில் 24 விழுக்காடு மின்சாரம் 2019 ஏப்ரலிலிருந்து தில்லி மெட்ரோவுக்கு வருகிறது. பகலில் இது பெரிய பங்கு. ஆனால் டிசம்பரில் தில்லியில் ஐந்தரை மணிக்கு முன்னாலேயே பொழுது சாய்ந்துவிடும். ராஜீவ் சௌக்கில் நிற்க இடமில்லாமல் கூட்டம் நெரிவது அதற்குப் பிறகு ஆறு, ஆறரைக்கு. அந்த நேரத்தில் வண்டியை இழுப்பது பெருமளவு நிலக்கரி மின்சாரம்தான். நம் நாட்டின் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு சராசரியாக 700 கிராம் அளவுக்குக் கரியமில வாயு வெளியேறுகிறது. வருட மொத்தத்தில் இத்தனை விழுக்காடு சோலார் என்று சொல்லும்போது இந்த மாலை நேரம் கண்ணில் படாமலே போய்விடுகிறது, எனக்கு அதுதான் உறுத்துகிறது.

2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா 2070-க்குள் நிகர பூஜ்ஜியம், அதாவது வெளியேற்றும் அளவும் திரும்ப உறிஞ்சப்படும் அளவும் சமம், என்று வாக்குக் கொடுத்தது. இன்று மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படிக்கும் குழந்தைக்கு அப்போது வயது ஐம்பது ஆகியிருக்கும். அதுவரை பொறுத்திருக்க முடியாது. மெட்ரோவின் உறுதிமொழி மணிக்கணக்கில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து: மாலை ஆறு முதல் ஒன்பது வரை எங்கிருந்து மின்சாரம், அதில் எவ்வளவு நிலக்கரி, எந்த வருடத்துக்குள் எவ்வளவு குறையும். வழி இல்லாமல் இல்லை. இமாச்சலத்தின் நீர்மின்சாரம் இருக்கிறது, நம்மூர் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக்காற்று ராத்திரியிலும் அடிக்கிறது, பகல் சோலாரைச் சேமிக்க பேட்டரியும் வந்துவிட்டது. விலை கூடுதலாகும், அதை மறைக்கவில்லை.

அந்த விலையை டிக்கெட்டில் ஏற்றிவிடக் கூடாது, இதை அழுத்திச் சொல்கிறேன். 2017-ல் மே, அக்டோபர் என்று ஒரே வருடத்தில் இரண்டு முறை கட்டணம் ஏறியது, பயணிகள் எண்ணிக்கை இறங்கியது. இறங்கியவர்களில் ஸ்கூட்டருக்குத் திரும்பிய ஒவ்வொருவரும் மெட்ரோ தவிர்த்த புகையைத் திருப்பிக் கொண்டுவந்தவர்தான். கட்டணத்தை முடிவு செய்யும் குழு இனி உட்காரும்போது, எத்தனை பேர் சாலைக்குத் திரும்புவார்கள், அதனால் எத்தனை டன் கூடும் என்பதையும் வரவு செலவுக்குப் பக்கத்திலேயே எழுதி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.